தார் வீதி முடியும் இடத்தில் ஒரு பாடசாலை

நகரத்து வறிய பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, காணி பூமியை விட்டுவந்த கமக்காரக் குடும்பங்கள் வாசிக்கும் ஒரு சஞ்சிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நகரத்து ஏழைகள் என்று நாம் சொல்லுகின்றவர்களில் மிகப் பலர் நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் என்பதே அதற்கு எமது பதில். மண் கைவிட்டுப் போன பின்பு ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய முதுசம் படிப்பு ஒன்றுதான் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் பல ஆண்டுகளாகத் தொண்டர் வகுப்புகள் நடந்து வந்திருக்கின்றன. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழக மாணவர்கள், இளைப்பாறிய ஆசிரியர்கள், அருட்சகோதரிகள் என்று பலர் வந்து படிப்பித்தார்கள். 2009ஆம் ஆண்டு வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே எமது பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். அவர்களுக்கு முன்னால் வெண்கட்டி பிடித்து நின்றவர்களில் பலர் தாங்களும் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்த ஆசிரியர்களே. இவையெல்லாம் நன்றியோடு நினைக்கவேண்டியவை.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். மூன்று மாதம் நடந்த வகுப்பு நாலாம் மாதம் நின்றுவிடும். கணிதம் படிப்பித்த தம்பிக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிடும். ஆங்கிலம் படிப்பித்த தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்துவிடும். பிள்ளைகள் கொப்பியும் கையுமாகக் கொட்டிலடியில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. தொண்டரும் பிழைக்கவேண்டும் அல்லவா?

தொண்டர் கையால் தொடங்கும் ஒரு வகுப்பு நின்று நிலைக்கும் பாடசாலையாக வளர்வதற்கு என்ன வேண்டும் என்பதுதான் எமது கேள்வி. இதற்கு விடைதேடி, தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் தலைநகரான கராக்கஸ் வரை வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே 1955இல் ஒரு மேசன் தொழிலாளியின் வீட்டில் தொடங்கிய வகுப்பு இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் பாடசாலைகளாகப் பரந்திருக்கிறது. 'பே இ அலெக்ரியா' என்பது அதன் பெயர். எமது மொழியில் 'விசுவாசமும் மகிழ்ச்சியும்' எனலாம்.

எண்ணெய் வந்தது, கமம் போனது

வெனிசுவேலா ஒருகாலத்தில் கோப்பியும் கொக்கோவும் விற்றுச் சீவித்த நாடு. மரக்காய்போ ஏரிப் பக்கத்தில் 1914இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 1922இல் அங்கே ஒரு கிணற்றிலிருந்து எண்ணெய் நாட்கணக்கில் வானளாவப் பீறிட்டது. 1920களின் முடிவில் உலகிலேயே ஆகக்கூடுதலாக எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு அதுவாயிற்று. எண்ணெய்ப் பணம் வந்த வேகத்தில் கமத்தொழில் சரிந்தது. வெளிநாட்டு உணவுப் பொருள் மலிவாக வந்து இறங்க, உள்ளூர் விளைச்சலுக்கு விலையில்லாமற் போயிற்று. பெரிய முதலாளிமாரின் காணிகளில் வாரத்துக்குப் பயிர்செய்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு நகரத்துக்கு நடந்தன. எம்மைக் கிளப்பியது ஷெல். அவர்களைக் கிளப்பியது சந்தை. கிளம்பிய பின் பட்ட பாட்டில் அதிக வித்தியாசம் இல்லை.

கராக்கஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவேயுள்ள ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. சமதரை முழுவதும் வசதியுள்ளவர்களுக்குப் போய்விட, வந்தவர்கள் மலைச்சரிவில் ஏறினார்கள். முதலில் மட்டையும் பலகையும் தகரமும் கொண்டு ஒரு கொட்டில். பிறகு கையில் காசு வரும்போதெல்லாம் ஒரு வரி செங்கல். குழாய்த் தண்ணீர் இல்லை, வீதி இல்லை, மழைக்காலத்தில் மண் சரிந்தால் வீடும் இல்லை. ஜெனரல் மார்க்கோஸ் பெரெஸ் ஹிமெனெஸ் என்ற சர்வாதிகாரி 1950களில் இக்கொட்டில்களில் ஒரு பகுதியை இயந்திரம் விட்டு இடித்துத் தள்ளிப் பெரிய மாடித் தொடர்களைக் கட்டுவித்தார். 1958 ஜனவரி 23ஆம் திகதி அவர் ஆட்சி கவிழ்ந்தது. மலையில் ஏறுவோர் தொகை மட்டும் குறையவில்லை.

நகரத்தின் மேற்கே உள்ள காத்தியா அவ்வாறான ஒரு பகுதி. அங்கே பிள்ளைகளுக்குக் குறைவில்லை, பாடசாலைக்குத்தான் குறைவு. பிள்ளைகள் சப்பாத்துத் துடைத்தார்கள், கடதாசி விற்றார்கள், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்தார்கள்.

ஒரு மேசனின் வீடு

இயேசு சபைக் குருவானவராகிய ஹோசே மரியா வெலாஸ், 1910இல் சிலி நாட்டிற் பிறந்து வெனிசுவேலாவிற் பணியாற்றியவர். இயேசு சபையினர் கராக்கஸில் 1953இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினர். அங்கு கற்ற மாணவ மாணவியரின் ஆன்மீகப் பொறுப்பு வெலாஸ் அடிகளுக்கு வந்தது. மாணவர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்தியாவுக்குக் கூட்டிச் சென்றார். ஞானோபதேசம் படிப்பிப்பதும், உடுப்பு, மருந்து கொடுப்பதும், வீடுவீடாகப் பார்ப்பதுமே தொடக்கத்தில் வேலை.

இதுவரை இக்கதையில் புதுமை ஒன்றும் இல்லை. இப்படி ஞாயிறுதோறும் நல்ல மனதோடு போய்வரும் குழுக்கள் எல்லா மறைமாவட்டங்களிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் தருமத்தால் எதுவும் அசையவில்லை என்பதை அம்மாணவர்கள் கண்டுகொண்டதுதான் புதுமை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மந்திரம் பாடமாக்கிக் கொடுத்துவிட்டு வருவதில் அவர்களுக்கே திருப்தி இல்லாமற் போயிற்று. பாடசாலை வேண்டும் என்றார்கள். கட்டடத்துக்கு எங்கே போவது?

அங்கே நடந்த ஒரு முதல் நன்மைக் கொண்டாட்டத்தின் பின் ஆபிரகாம் ரெயஸ் என்ற மேசன் வெலாஸ் அடிகளிடம் வந்தார். அவரும் மனைவி பத்ரீசியாவும் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் தங்கள் கையாலேயே ஒரு வீட்டைக் கட்டிவந்தார்கள். சாந்து குழைக்கும் தண்ணீரையும் தகரங்களிற் சுமந்து மேலேற்ற வேண்டியிருந்தது. குடும்பமோ பெரிய குடும்பம். அந்த வீட்டின் மேல்தளத்தைப் பாடசாலைக்குத் தருவதாக அவர் சொன்னார். தானே வைத்துக்கொண்டால் இது தன் மனைவி பிள்ளைகளுக்கு மட்டும் வீடாக இருக்கும், பாடசாலையாக்கினால் இந்தச் சேரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் வீடாகும் என்பது அவர் சொன்ன நியாயம்.

1955 மார்ச் 5ஆம் திகதி அந்த மேல்தளத்தில் பாடசாலை தொடங்கியது. நூறு பிள்ளைகள் அளவில் வந்தார்கள். வாங்கு இல்லை, மேசை இல்லை. சீமெந்து நிலத்தில் இருந்தார்கள். முதல் ஆசிரியைகள் அதே அயலைச் சேர்ந்த, ஆறாம் வகுப்பு மட்டும் முடித்திருந்த, பதினைந்து வயதளவான பெண்பிள்ளைகள். ஒரு மாணவி தன் காதணிகளைக் கழற்றிக் கொடுக்க, அதைப் பரிசாக வைத்து அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள். அப்பணமே பாடசாலையின் முதல் முதல். அந்தச் சீட்டு விற்பனை பின்னர் நாடு முழுவதும் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றாக வளர்ந்தது. (தோட்டை அடகு வைத்துப் பிள்ளையின் ரியூசன் காசு கட்டிய தாய்மார் எம்மிடையே எத்தனை பேர்! அந்தத் தோடுகளுக்கு யார் வரலாறு எழுதினார்கள்?)

இந்த நிகழ்ச்சியை வெளிநாட்டு நூல்களில் எழுதும்போது வெலாஸ் அடிகளாரையே முன்னால் நிறுத்துவது வழக்கம். அவர் பெரியவர்தான், ஐயமில்லை. ஆனால் எமது கண்ணுக்கு முதலிற் படுவது அந்த மேசனின் வீடு. கொண்டுவந்த தொண்டர்கள் போய்விட்டாலும் வீடு அங்கேயே நிற்கும். சேரிக்காரர் ஒருவரின் வீட்டில் நடக்கும் பாடசாலையை அயலவர்கள் 'தர்மப் பள்ளிக்கூடம்' என்று பார்க்கவில்லை, 'எங்கட பள்ளிக்கூடம்' என்று பார்த்தார்கள். அடுத்தடுத்த பாடசாலைகளுக்குத் தாய் தகப்பன்மாரே மண் சுமந்தார்கள், கல் அரிந்தார்கள். எமது ஊரில் சிரமதானம் என்று சொல்வோமே, அதுதான்.

நாற்றுமேடையும் வயலும்

கமக்காரருக்குப் புரியும்படி சொன்னால், தொண்டர் வகுப்பு ஒரு நாற்றுமேடை. நாற்றுமேடை இல்லாமல் வயல் இல்லை. ஆனால் நாற்றை மேடையிலேயே விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பே இ அலெக்ரியா இயக்கம் இதை வேளைக்கே உணர்ந்துகொண்டது. பல்கலைக்கழக மாணவர்களும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளும் தொடக்கிவைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், சேரிக்குள்ளேயே வந்து குடியிருந்த அருட்சகோதரிகளும் பொறுப்பேற்றார்கள். தொண்டர்கள் அதன் பின்பும் இருந்தார்கள். முழுப் பாரமும் அவர்கள் தோளில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி பெற்ற ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இந்த இடத்தில்தான் வெலாஸ் அடிகள் பிடிவாதக்காரர். ஏழைப் பெற்றோரும் இந்நாட்டுப் பிரசைகள், அவர்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டுகிறார்கள், ஆகவே அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்று அவர் வாதாடினார். தருமம் கேட்கவில்லை, நீதி கேட்டார். ஏழைக்குக் கொடுக்கும் கல்வி ஏழ்மையான கல்வியாக இருக்கக்கூடாது என்பதும் அவரது கொள்கை. வெனிசுவேலாவில் இவ்வழக்கு இலகுவில் தீரவில்லை. அடிகளார் 1985இற் காலமானார். கத்தோலிக்கக் கல்விச் சங்கத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் இடையில் உடன்படிக்கை வந்தது 1990இலேதான். 1966இல் இவ்வியக்கம் தொடங்கிய பெரு, பொலிவியா ஆகிய நாடுகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்க, நிர்வாகத்தை இயக்கமும் பெற்றோரும் பார்க்கும் முறை அமைந்தது.

எமது மூத்த வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இலங்கையில் 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வரை, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன. அந்தப் பழைய வழக்கை மீண்டும் கிளறுவது எமது நோக்கம் இல்லை. இலவசக் கல்வி இங்கு 1945 முதல் உண்டு. எந்த மூலைக் கிராமத்திலும் அரசாங்கப் பாடசாலை ஒன்று இருக்கவேண்டும் என்ற எண்ணம் எமது மக்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அது பெரிய பேறு. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும் என்பது இன்று சட்டம். ஆகவே கராக்கஸில் செய்ததுபோலப் புதிய பாடசாலை கட்டுவது எமக்குத் தேவையில்லை. இருக்கும் பாடசாலையில் பிள்ளை போய்ச் சேரவும், சேர்ந்தது இடையில் நிற்காமல் இருக்கவும், விட்டுப்போன வருடங்களைப் பிடித்துக்கொள்ளவும்தான் எமது தொண்டர்கள் தேவை.

தொண்டர் என்ற சொல்லைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. வடக்குக் கிழக்கில் யுத்த காலத்தில் 'தொண்டர் ஆசிரியர்' என்ற பெயரில் பலர் வருடக்கணக்காகப் படிப்பித்தார்கள். எல்லைக் கிராமங்களுக்கும், மற்ற ஆசிரியர்கள் போகத் தயங்கிய இடங்களுக்கும் சைக்கிளில் போனவர்கள் அவர்கள். சிறிய ஒரு கொடுப்பனவு, சில இடங்களில் அதுவும் இல்லை. பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றார்கள். கட்டங்கட்டமாகச் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு வயது போய்விட்டது. நல்ல மனதை மலிவான கூலியாக்குவது அரசு செய்தாலும் தவறு, திருச்சபை செய்தாலும் தவறு என்பதே எமது கருத்து. ஒரு பிள்ளை முழுநேரமும் படிப்பிக்கிறது என்றால் அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் உண்டு. இல்லையென்றால் அந்த வேலைக்குத் தொண்டு என்ற பெயர் பொருந்தாது.

லீமா நகரத்து மணல்மேட்டில்

பெரு நாட்டின் கதை எமக்கு இன்னும் கிட்டியது. அங்கே 1980 முதல் 2000 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. ஒளிரும் பாதை என்ற ஆயுத இயக்கத்துக்கும் அரச படைகளுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் அந்தீஸ் மலைக் கமக்காரர்கள். 2003இல் அறிக்கை தந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, ஏறத்தாழ 69,000 பேர் இறந்தும் காணாமலும் போனதாக மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா முதலான சுதேச மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்றும் சொல்லிற்று. ஊரை விட்டு ஓடியவர்கள் பல இலட்சம். பெருந்தொகையானோர் தலைநகர் லீமாவின் எல்லையிலுள்ள மணல்மேடுகளில் வந்து குந்தினார்கள். மழை அரிதான இடம் என்றபடியால் நாணற் பாய்களை நாட்டிக் கூடாரமாக்கினார்கள். கிடுகுக் கொட்டிலில் இருந்த எமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. தண்ணீர் பவுசரில் வரும். பீப்பாய் வைத்துக் காத்திருக்கவேண்டும்.

இந்த எல்லைகளில் பே இ அலெக்ரியா பாடசாலைகள் இருந்தன. பெருவில் அவற்றுக்கு ஆடம்பரமான பெயர் கிடையாது. தொடங்கிய ஒழுங்கிலே முதலாம் இலக்கம், இரண்டாம் இலக்கம் என்று எண்தான். அங்கே ஆசிரியர்கள் கண்ட பெரிய இடர் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்தது. மலையிலிருந்து வந்த பிள்ளை கெச்சுவா பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் பிள்ளை வாயே திறக்காது. வாய் திறக்காத பிள்ளையை மந்தம் என்று நினைத்துக் கடைசி வாங்கிலே விட்டுவிடுவார்கள். இரண்டு வருடத்தில் அது பாடசாலையை விட்டுவிடும். தாயும் தன் மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுவாள்.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு இது எங்கும் நடப்பதுதான். வன்னியிலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு வந்த பிள்ளையின் பேச்சைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, 'முகாம் பிள்ளை' என்று ஒரு சொல் விழும். ஆசிரியர் ஒருவரே அதைச் சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையை மீட்பது கடினம். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய ஆசிரியருக்கு ஒரு பிள்ளையோடு தனியே இருக்க நேரமில்லை. அந்த நேரம் தொண்டரிடம் உண்டு. ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அது வாசிக்க வாசிக்கக் கேட்பது. அதன் ஊரைப் பற்றி, வயலைப் பற்றி, விட்டுவந்த மாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லி அதையே கொப்பியில் எழுதுவிப்பது. இவை பட்டம் பெறாத ஒருவரும் செய்யக்கூடியவை. எமது மாலை வகுப்புகள் பல, புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் கேள்விப் பத்திரம் செய்விக்கும் இலவச ரியூசனாகச் சுருங்கிப்போனது எமக்குக் கவலை தருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதனால் நன்மை உண்டு. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்ட பிள்ளை, அங்கேயும் கடைசி வாங்கில்தான்.

வானொலியும் சனிக்கிழமையும்

வளர்ந்தோருக்காக இவ்வியக்கம் செய்த ஒரு வேலையை இங்கு சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1975இல் வெனிசுவேலாவில் வானொலிக் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். இதற்கான முறை, ஸ்பெயின் நாட்டுக்குரிய கனாரித் தீவுகளில் 1965 முதல் நடந்துவந்த எக்கா வானொலியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அச்சிட்ட தாள் உண்டு. மாணவர் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வானொலியைக் கேட்பார். ஆசிரியர் சொல்லச் சொல்ல அதில் உள்ள வெற்றிடங்களை நிரப்புவார். கிழமையில் ஒருநாள், அனேகமாகக் கிழமை முடிவில், அயலிலுள்ள ஒரு நிலையத்துக்குப் போய் வழிகாட்டி ஒருவரைச் சந்திப்பார். அவர் தாளைத் திருத்தி, விளங்காததை விளக்கி, அடுத்த கிழமைக்கான தாள்களைக் கொடுத்துவிடுவார்.

பகல் முழுவதும் வேலைக்குப் போகும் தாய்மாரும் இளைஞரும் இவ்வழியாக ஆரம்பக் கல்வியையும் அதற்கு மேலும் முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். வானொலிப் பாடத்தைத் தயாரித்தவர்கள் சம்பளம் பெறும் ஆசிரியர்கள். கிழமைக்கு ஒருதரம் சந்திக்கும் வழிகாட்டிக்கோ சில மணித்தியாலம் போதும். அவருக்கு வேறு வேலை இருக்கலாம், வீடு வாசல் இருக்கலாம். ஒரு தொண்டரால் உண்மையில் எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ அவ்வளவுக்கே வேலையை வெட்டி அமைத்திருந்தார்கள். எமது வகுப்புகளில் நாம் செய்வது நேர்மாறு. வேலையை முழுதாக வைத்துவிட்டு, அதற்கு ஆள் தேடுகிறோம்.

வெலாஸ் அடிகள் கமக்காரரை மறந்தவரும் அல்ல. அவர் முன்பு மெரிடா என்ற மலைநாட்டு நகரில் ஒரு கல்லூரியின் அதிபராக இருந்தார். 1950 டிசம்பர் 15ஆம் திகதி விடுமுறைக்கு வீடு சென்ற அக்கல்லூரி மாணவர் 27 பேர் விமான விபத்தில் மாண்டார்கள். அவர்கள் நினைவாக அங்கே சான் ஹாவியெர் என்ற இடத்தில் ஓர் இல்லம் எழுந்தது. பிற்காலத்தில் அடிகளார் அதனை மலைநாட்டு வறிய குடும்பங்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தொழிற்கூடமாக மாற்றினார். தச்சு, நெசவு, மட்பாண்டம், பயிர்ச்செய்கை ஆகியவற்றை அங்கே படிப்பித்தார்கள். படிப்பு என்றால் ஊரைவிட்டு ஓடுவதற்கான சீட்டு என்று இருக்கக்கூடாது என்பது அதன் எண்ணம். காணி திரும்பக் கிடைத்தும் கமஞ்செய்யப் பிள்ளைகள் இல்லாத வீடுகள் எமது பக்கத்திலும் கூடிவருவதால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.

கொட்டிலின் சாவி யாரிடம்?

இனி எமது கொட்டில்களுக்கு வருவோம். உங்கள் கிராமத்துக்கு அல்லது முகாமுக்குத் தொண்டர்கள் வந்து வகுப்பு நடத்தப்போகிறோம் என்று சொன்னால், நன்றி சொல்லுங்கள், தேநீர் கொடுங்கள். அதோடு நில்லாமல் சில விடயங்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிலின் சாவி மாதர் சங்கத்திடம் இருக்கட்டும். வரவு இடாப்பை ஊர்த் தாய் ஒருவரே எழுதட்டும். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம்வரை வாசித்தது என்று ஒரு கொப்பியில் குறிக்கட்டும். படித்த தாய் வேண்டியதில்லை. பெயரும் பக்க இலக்கமும் எழுதத் தெரிந்தாற் போதும். வந்த தொண்டர் போய் இன்னொருவர் வரும்போது, வகுப்பு மீண்டும் 'அ'விலிருந்து தொடங்கவேண்டிய அவலம் இதனாற் குறையும். எத்தனை கிழமை வருவார்கள் என்பதையும் முதல்நாளே கேளுங்கள். ஆறு கிழமை என்றால் ஆறு கிழமை. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோவதுதான் பிள்ளையை உடைக்கிறது.

அரசாங்கப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால், அந்த இடத்தைத் தொண்டரைக் கொண்டு ஒட்டுப்போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் அகதிகள், கேட்க எங்களுக்கு என்ன உரிமை' என்று பின்னுக்கு நிற்கும் ஐயாமாரை நாம் கண்டிருக்கிறோம். மலைச்சரிவில் கொட்டில் போட்டவர்களுக்கும் காணி உறுதி இருக்கவில்லை. ஆசிரியர் சம்பளத்தை அவர்கள் உரிமையாகத்தான் கேட்டார்கள்.

மறுபடியும் தாய்மார்

வெனிசுவேலாவின் இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2017ஆம் ஆண்டின் முடிவில் அந்நாட்டுப் பணத்தின் பெறுமதி முற்றாகச் சரிந்தது. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளம் சில டொலர்கள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. பஸ் காசுக்கே காணாது. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டார்கள். எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நாட்டை விட்டே வெளியேறினார்கள். கமத்தை விட்டு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் கால்நடையாகப் போனதும் இக்காலத்திற்றான்.

பே இ அலெக்ரியா பாடசாலைகளும் ஆசிரியரை இழந்தன. பல இடங்களில் அயலிலுள்ள தாய்மாரும், அதே பாடசாலையில் முன்பு படித்தவர்களும் வகுப்பை ஏற்க முன்வந்தார்கள். ஆசிரியப் பட்டம் இல்லாத இவர்களுக்கு இயக்கம் பயிற்சி கொடுத்து, வேலை செய்துகொண்டே படிக்கவும் வழிசெய்தது. 1955இல் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் நின்ற இடத்தில் இப்பொழுது தாய்மார் நிற்கிறார்கள். இதைக் கேட்டுச் சிலர் பெருமைப்படலாம். எமக்கோ பெருமையோடு கோபமும் வருகிறது. எண்ணெய் ஊறும் ஒரு நாட்டில், அறுபது ஆண்டுகளுக்குப் பின்பும், ஏழைப் பிள்ளையின் ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி தீராமல் நிற்கிறது. காலையில் அந்தத் தாய்மார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடாப்புக் கூப்பிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டை எங்கே தேடுவது என்ற யோசனையும் அவர்களோடுதான் வகுப்புக்குள் போகிறது.